வெட்டி எடுத்த சிரிப்பு

நாகப்பட்டினத்துக்குத் தெற்கே ஒரு மீனவர் குடியிருப்பு. அங்குள்ளவர்கள் தங்கள் வாழ்க்கையைச் சொல்வதைப் பதிவு செய்து, வெட்டி ஒட்டி, எல்லோரும் போனில் கேட்கும்படி அனுப்புவது நானாக இழுத்துப் போட்டுக்கொண்ட வேலை. யாரிடமும் போய்ப் படித்ததில்லை. நான் குடவாசல்காரன், நெல் விவசாயத்தைத் தவிர ஒன்றும் தெரியாது. ஆனால் நல்ல பேச்சு காதில் விழுந்தால் சாப்பாடு மறந்துவிடும்.

ஒரு நேரத்தில் ஒரு குரல்தான் கேட்க வேண்டும் என்று எனக்கு நானே ஒரு விதி வைத்திருந்தேன். அங்கேயோ ஒருவர் வாயைத் திறந்தால் நாலு பேர் உள்ளே புகுந்துவிடுவார்கள். வெளியூர்க்காரர்களுக்குப் புரியாதே என்று குறுக்குப் பேச்சையெல்லாம் வெட்டிவிடுவேன்.

அன்று ஒரு பெரியம்மா, குடவாசல் தெருக்களில் தான் மீன் விற்ற கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். அவருடைய கொழுந்தன் மனைவி, வயதில் சின்னவர், பக்கத்தில் உட்கார்ந்து மீன் செதில் சுரண்டிக்கொண்டிருந்தார். இருவரும் இன்றைக்கும் ஒரே லோடு ஆட்டோவில் கூடையேற்றிப் போகிறவர்கள். பெரியம்மா அவரைக் காட்டிச் சொன்னார்:

"இவ சும்மா ஆளு இல்ல தம்பி. தராசுத் தட்டுல விரலை வச்சு வச்சே மாடி கட்டிட்டா."

"ஆமா, விரலைப் புடிச்சுக் கத்துக் குடுத்ததே நீங்கதானேக்கா!"

இருவரும் குலுங்கிச் சிரித்ததில் செதில் பறந்து என் சட்டையில் ஒட்டியது.

வீட்டில் வெட்ட உட்கார்ந்தபோது, பதிலும் சிரிப்பும் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. எடுத்துவிட்டேன். பெரியம்மா சொன்னது மட்டும் கணீரென்று நின்றது. என்ன பேச்சுடா என்று திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன்.

அது போன் போனாகக் குடவாசலுக்கே வந்துவிட்டது. சின்னவர் மீன் நிறுக்கும்போது வாடிக்கைக்கார அம்மா ஒருவர், "மொதல்ல விரலை எடும்மா" என்றாராம். பிறகு சில வீடுகளில் கதவே திறக்கவில்லை. கூடை பாதி காலியாகாமலே அவர் திரும்பிக்கொண்டிருந்தார்.

விஷயம் தெரிந்ததும் வெட்டாத பதிவை எடுத்துக்கொண்டு ஓடினேன். பெரியம்மா தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். "நான் போயிச் சொன்னா, சொந்தக்காரிக்குப் பூசி மெழுகுறேன்பாங்க தம்பி."

போனைச் சின்னவரிடம் நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"எனக்கு எதுக்குண்ணே போட்டுக் காட்டுறீங்க? நான்தான் பக்கத்துலயே இருந்தேனே. மீன் வாங்குறவங்களுக்குப் போட்டுக் காட்டுங்க. வெட்டுனவரு நீங்கதானே?"

மறுநாள் காலை, நான் பிறந்து வளர்ந்த தெருக்களில் அவருடைய கூடைக்குப் பின்னால் நடந்தேன். ஊரில் என்னை வாயாடி என்பார்கள். முதல் வீட்டு வாசலில் அன்று எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. சின்னவர்தான், "சொல்லுங்கண்ணே, வெயில் ஏறுது" என்றார். சொன்னேன். போட்டும் காட்டினேன்.

விரலை எடுக்கச் சொன்ன அம்மாவின் வீடும் வந்தது. என் பதிவு ஒன்றைக்கூட விடாமல் கேட்கிறவர். முழுவதையும் கேட்டுவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏண்ணே, அப்ப மத்தவங்க பேசுனதுல என்னென்னத்த வெட்டுனீங்க?"

அவர் உள்ளே போய்ப் பாத்திரம் எடுத்து வந்து அரைக் கிலோ நெத்திலி கேட்டார். சின்னவர் ஒரு கையால் தராசைத் தூக்கினார். மற்ற கையை முதுகுக்குப் பின்னால் மடக்கி வைத்துக்கொண்டார். யாரும் அப்படி வைக்கச் சொல்லவில்லை.