ஈயக்கா வாய் மூடிய நாள்

"நீ இப்படிப் போடா. நீ அப்படி வாம்மா. டேய், தூங்குற மாதிரி நடிக்காத, நகரு!"

நுண்ணோக்கியில் கண்ணைப் பதித்து, கையில் சின்னத் தூரிகையோடு பேசிக்கொண்டிருக்கிறார் ஈயக்கா. வாயுவில் மயங்கிய பழ ஈக்கள் வெள்ளைத் தட்டில் எள்ளைக் கொட்டியதுபோல் கிடக்கின்றன. பின்பக்கம் கறுத்திருந்தால் ஆண்: இடப்பக்கம், 'டா'. வரிவரியாய்க் கூராக முடிந்தால் பெண்: வலப்பக்கம், 'ம்மா'. இருபதிருபதாகக் குழாயில் போட்டுக் கொடுப்பார். அவற்றை அரைத்து, ஒரு மரபணு ஆணில் எவ்வளவு வேலை செய்கிறது, பெண்ணில் எவ்வளவு என்று அளப்பது ஆராய்ச்சி மாணவியின் பாடு.

ஆய்வகத்துக்குள் யார் நுழைந்தாலும் முதல் கேள்வி, "பையில பழம் இருக்கா?" இருந்தால் வெளியே நின்று தின்றுவிட்டு வர வேண்டும். வீட்டு ரகசியத்தை அவர் கணவர்தான் உடைத்தார்: "பட்டாணி உரிச்சாக்கூட வாடா, வாம்மாதான் சார். நான் எந்தப் பக்கம்னு பயந்துக்கிட்டே உக்காந்திருப்பேன்."

பேராசிரியருக்கு மட்டும் இந்தப் பேச்சு பிடிக்காது. கனைக்காமல் அவருக்கு வாக்கியம் தொடங்காது. போன மாதம் விருந்தினர்கள் வந்தபோது, "க்ஹும், இன்னிக்கு மட்டும் கொஞ்சம் சத்தமில்லாம..." என்றார். ஈயக்கா உதட்டை உள்ளே மடித்துக்கொண்டார். அன்று முழுக்கத் தூரிகை மட்டும்தான் நகர்ந்தது.

நேற்று முடிவுகள் வந்தன. ஒரு ஆண் குழாயில், பெண் ஈ முட்டைக்கருவுக்காகப் பயன்படுத்தும் மரபணு கன்னாபின்னாவென்று வேலை செய்திருந்தது.

"ஆம்பளை ஈ முட்டை போடுதாக்கா?" மாணவிக்குப் பாதி சிரிப்பு, பாதி அழுகை. ஆய்வேட்டைக் கொடுக்கப் பன்னிரண்டே நாள்தான் இருந்தது.

"க்ஹும், மெஷின் கோளாறா இருக்கும். அந்த ஒரு குழாயைக் கணக்குல சேர்க்க வேணாம்" என்றார் பேராசிரியர்.

ஈயக்கா நெற்றியிலிருந்த கண்ணாடியை மூக்குக்கு இறக்கி, குழாயில் ஒட்டியிருந்த தேதியைப் பார்த்தார்.

"மெஷினைத் திட்டாதீங்க சார். இது நான் வாய மூடிக்கிட்டிருந்த நாளு. நான் கூப்பிட்டாத்தான் என் கைக்குப் பக்கம் தெரியும். ஒரு பொண்ணு இந்தப் பக்கம் வந்துட்டா." மாணவி பக்கம் திரும்பினார். "அன்னைக்குப் பிரிச்சது ஆறு குழாய். ஆறையும் தூக்கிப் போடு."

"ஐயோ அக்கா! ஒண்ணுதானே தப்பு?"

"மத்த அஞ்சுக்கு நீ கேரண்டி தருவியா? நான் தரமாட்டேன். மூஞ்சிய அப்படி வெச்சுக்காத. காலையில கூட்டை விட்டு வர்றதுங்களைப் பிரிச்சுத் தரேன். அஞ்சு நாள்ல வளர்ந்துடும். மிச்சம் ஏழு நாள் உனக்கு."



இன்று காலை அதே தட்டு, அதே தூரிகை. பக்கத்தில் மாணவி குழாய்களுக்குத் தேதி எழுதிக்கொண்டிருக்கிறாள். "போடா... வாம்மா... நீயும் வாம்மா..." ஓட்டம் சூடு பிடித்த நேரத்தில் கதவருகே பளபளக்கும் காலணிகள் நான்கு ஜோடி. புது விருந்தினர்கள். அவர்களுக்கு முன்னால் பேராசிரியர்.

"க்ஹும்..."

ஈயக்கா கண்ணை எடுக்கவில்லை. தூரிகையும் நிற்கவில்லை. "நீ இப்படிப் போடா" என்று குரலை ஒரு படி உயர்த்திக்கொண்டே, இடது காலை நீட்டி, கட்டைவிரலால் கதவை மெல்லத் தள்ளிச் சாத்தினார்.