பட்டுடுத்தி வந்த இரண்டாம் நாள்

தொண்ணூறுகளின் தொடக்கம், கல்லூரியில் தமிழ் பயின்றுகொண்டிருந்தேன். கோடை விடுமுறையில் திருவில்லிபுத்தூரில் மாணவர்களுக்கென நடந்த குறும்படப் பயிற்சி முகாமில் சேர்ந்தேன். எங்கள் மூவர் குழு, இராசபாளையத்துத் தொழிற்கூடமொன்றில் புண்ணுக்குக் கட்டும் மருத்துவத் துணி சுருட்டும் பெண்களைப் படமெடுக்கத் துணிந்தது. முகாமுக்கே ஒளிப்பதிவுக் கருவி ஒன்றுதான். எங்களுக்கு இரு நாள்கள் வாய்த்தன. நிறைவு நாளில் எல்லாக் குழுக்களின் படங்களையும் திரையிடுவார்கள்.

முதல் நாள், இமையிலும் பஞ்சுத் துகள் படிய, அவர்கள் எங்களைப் பொருட்படுத்தாமல் வேலை செய்தனர். கைகளை மட்டும் எடுத்தோம். முகங்களை மறுநாளுக்கு வைத்துக்கொண்டோம்.

மறுநாள் அனைவரும் பட்டுச்சேலையில் இருந்தனர். தலை நிறைய மல்லிகை. அவர்கள் அறிந்த வீடியோ திருமண வீட்டில் எடுப்பது ஒன்றே. கருவியைத் திருப்பியதும் வேலையை நிறுத்திவிட்டு அசையாமல் நின்றனர்.

“நேத்து மாதிரியே இருந்திருக்கலாமேக்கா” என்றேன், அவர்களுள் மூத்தவரிடம்.

“நல்லாருக்கே! வீடியோ எடுக்க வாராகன்னு தெரிஞ்ச பொறவு அழுக்குச் சீலையோடயா நிக்க?”

“ஏட்டி, மாலையும் போட்டாச்சுன்னா மாப்பிள்ளைதான் பாக்கி” என்று பின்னாலிருந்து ஒருத்தி சொல்ல, கூடமே சிரித்தது.

புறப்படும்போது மூத்தவர் கேட்டார்: “கடைசி நாளு படம் போடையில அம்புட்டுப் பேரும் வருவோம். பட்டுல இருக்கது வரும்லா தம்பி?”

வரும் என்று சொல்லிவிட்டேன்.

அக்காலப் படத்தொகுப்புக்கு இரண்டு பதிவுப் பெட்டிகள். ஒன்றில் ஓடும் காட்சியை மற்றொன்றில் வரிசையாகப் பதிய வேண்டும். நடுவே ஒன்றைச் செருக வேண்டுமானால், அவ்விடம் தொட்டு அனைத்தையும் மீண்டும் பதிய நேரும். பஞ்சு படிந்த கைகளுக்கு அடுத்துப் பட்டுடுத்திய முகம் வந்தபோது, அவை வேறு எவருடைய கைகளோ என்றே தோன்றியது.

பயிற்றுநர் பார்த்தார். “ஒட்டவே இல்ல. பட்ட எடுத்துடுங்க, கை மட்டும் போதும்.”

முறைப்படி அவர் கூறியது சரியே. ஆயினும் தங்கள் முகமே இல்லாத படத்தைக் காணவா அவர்கள் பேருந்தேறி வருவார்கள்? வரும் என்று வாக்களித்தவன் நான்.

மாலைக்குள் பெட்டிகளை அடுத்த குழுவிடம் ஒப்படைத்தாக வேண்டும். வீடியோ நாடாவை முன்னும் பின்னுமாக ஓட்டியபோது, மூத்தவர் பேசியது முழுவதும் தெளிவாகப் பதிந்திருப்பது தெரிந்தது. பட்டுப் பின்னால் வருவதால்தானே உறுத்துகிறது, முன்னால் வந்தால்? செய்தவற்றையெல்லாம் கைவிட்டு முதலிலிருந்து தொடங்கினோம். அசையாது நிற்கும் பட்டுச்சேலை முகங்கள், ஒவ்வொன்றாக. “அழுக்குச் சீலையோடயா நிக்க?” என்னும் குரல். அதன் பின்னரே கைகள். கடைசிக் காட்சி பதிந்து முடிகையில் அடுத்த குழு வாசலில் நின்றிருந்தது.

நிறைவு நாளில் அவர்கள் அதே பட்டில் வந்தனர். முகங்கள் தோன்றியபோது ஒரே ஆரவாரம். கைகள் தோன்றியதும் அரங்கம் அமைதியாயிற்று.

“ஏட்டி, இது ஒங் கைலா! அந்த வளையலப் பாரு!” என்று ஒருத்தி பக்கத்திலிருந்தவளை இடித்தாள்.

மூத்தவர் தம் கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். படம் முடிந்தும் எவரும் எழவில்லை.

“தம்பி, இன்னொருக்கா போடுங்க” என்றார்.

நாடாவைப் பின்னோக்கிச் சுழற்றினேன்.