வாசலில் வைக்காத பலகை

நகராட்சிக் கட்டடப் பிரிவில் அந்த இளநிலைப் பொறியாளரை எல்லோரும் ‘டேப் அக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். அளவுநாடா கையில் இல்லாமல் அவளைப் பார்த்தவர்கள் குறைவு. நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தவர்கள் அதைவிடக் குறைவு. மதியச் சாப்பாட்டைக்கூட ஜன்னலோரம் நின்றபடியே முடித்துவிடுவாள்.

ஒன்பது வருடமாகப் பூட்டிக் கிடந்த பழைய தொலைபேசி நிலையத்தை, வீட்டில் அடி உதை தாங்காமல் வெளியேறும் பெண்கள் பிள்ளைகளோடு தங்கும் இல்லமாக மாற்ற அரசு நிதி ஒதுக்கியது. வேலை அவளிடம் வந்தது. இயந்திரக் கூடத்தைத் தடுத்துப் பதினொரு அறைகள். பாட்டரி அறை சமையலறை ஆனது. தச்சர் தாழ்ப்பாள் பொருத்தியதும் இவள் உள்ளே பூட்டிக்கொண்டு, “இப்ப முட்டித் தள்ளுங்க, நல்லா வேகமா” என்பாள். தச்சர் தோளைத் தேய்த்துக்கொண்டு, “கதவு நிக்கும்மா, நான்தான் நிக்க மாட்டேன்” என்பார்.

அவளுக்கு ஒரு தங்கை. சில வருடம் முன்பு செருப்புகூட இல்லாமல் இவள் வீட்டுக்கு ஓடிவந்தாள். அரை மணி நேரத்தில் புருஷன்காரன் வாசலில் நின்றான். அக்கா வீட்டை விட்டால் அவளுக்குப் போக்கிடம் ஏது என்று அவனுக்குத் தெரியாதா? அன்று உடைந்த கையைத் தங்கையால் இன்றும் முழுதாக நீட்ட முடியாது. அலுவலகத்தில் இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

வேலை முடியும் தறுவாயில் கணக்கு அலுவலர் கூப்பிட்டார்.

“பலகை எங்கம்மா?”

“எந்தப் பலகை சார்?”

“இன்ன திட்டம், இன்ன இல்லம்னு வாசல்ல பெரிசா எழுதி, போட்டோ அனுப்பணும். அப்பத்தான் கடைசித் தவணை வரும்.”

“வாசல்ல எழுதி வெச்சா அவனுங்க நேரா வந்து நிப்பானுங்களே சார்.”

“நானா ரூல் போட்டேன்? பாலமோ பள்ளிக்கூடமோ, எல்லாத்துக்கும் இதுதான்.”

அந்தத் தவணை வந்தால்தான் கட்டில்கள் வரும். மூன்று கடிதம் எழுதினாள். மூன்றுக்கும் ‘விதிப்படி செய்யவும்’ என்றே பதில். நான்காவது கடிதத்தைக் கையில் எடுத்துக்கொண்டு தலைமை அலுவலகத்துக்கு பஸ் ஏறினாள். அங்கே தாழ்வாரத்தில் அவள் நடந்த நடையைப் பார்த்து பியூன், “உக்காருங்கம்மா, எனக்குத் தலை சுத்துது” என்றார்.

அதிகாரி விதியைப் படித்துக் காட்டினார். அவள் தங்கையின் கையைப் பற்றிச் சொன்னாள். நிறுத்தாமல் சொல்லி முடித்தாள். அவர் விதியை இன்னொரு முறை படித்தார்.

“விலக்கு குடுக்க எனக்கு அதிகாரம் இல்ல. ஆனா விதியில வாசல்னு இல்ல, ‘மக்கள் பார்வையில் படும் இடம்’னுதான் போட்டிருக்கு. உங்க நகராட்சி ஆபீஸ்லயே வெச்சிடுங்க. முகவரி வேண்டாம்.”

“எழுதிக் குடுங்க சார்.”

“நாளைக்கு அனுப்பறேன்.”

“பரவால்ல சார், நிக்கறேன்.”

கையெழுத்தான காகிதத்தோடுதான் திரும்பினாள்.

கட்டில்கள் வந்தன. இல்லப் பொறுப்பாளர் சாவிக்கொத்தை வாங்கிக்கொண்டு, “இனிமே நீங்களும் இங்க வரக்கூடாது, தெரியும்ல?” என்றார்.

“தெரியும்” என்றவள், “மூணாம் ரூம் குழாய் மட்டும்...” என்று இழுத்தாள்.

“நாங்க பாத்துக்கறோம்.”

பொறுப்பாளர் கதவைச் சாத்தினார். உள்ளே தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்கும்வரை நின்றுவிட்டு, நடந்துகொண்டே தங்கைக்கு போன் செய்தாள்.

“முடிஞ்சுதாக்கா? எங்க இருக்கு அது?”

“சொல்ல மாட்டேன்.”



“சொல்லாதே” என்றாள் தங்கை.