தொண்ணூறு பாகையில் ஒரு பயணிகள் பட்டியல்

போரால் யாழ்ப்பாணத்துக்குத் தரைப்பாதை அடைபட்டிருந்த காலம். திருகோணமலைத் துறைமுகத்திலிருந்து போகும் கப்பல்தான் ஒரே வழி. அதில் ஏறுகிறவர்களின் பட்டியலை அச்சிட்டுக் கடற்படைச் சாவடிக்குக் கொடுப்பது நான் வேலை செய்த கப்பல் முகவர் அலுவலகத்தின் பொறுப்பு. அலுவலகத்தில் அது என் பொறுப்பு. சல்லி என்ற கடற்கரைக் கிராமத்தில் வலை இழுக்கிற குடும்பத்தில் பள்ளிக்கூடம் முடித்த முதல் ஆள் நான். கணினி இருந்த குளிர் அறைக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போவேன். தூசிக்காக என்று மற்றவர்களிடம் சொல்லிக்கொள்வேன். தூசி மட்டும் காரணமல்ல.

அந்த வாரம், வழக்கமாகப் பட்டியல் அடிக்கும் அகலக் கடதாசி முடிந்துபோயிற்று. கொழும்பிலிருந்து லொறி வரவில்லை. சின்னத் தாளில் அடிக்கும் புதிய லேசர் பிரிண்டர் ஒன்று இருந்தது. அதில் அடித்துப் பார்த்தோம். பெயர், வயது, முகவரி வந்தன. வலது ஓரத்தில் வரவேண்டிய அடையாள அட்டை இலக்கம் தாளுக்கு வெளியே போய்விட்டது. இலக்கம் இல்லாத ஆளைக் கடற்படை கப்பலில் ஏற விடாது.

பட்டியலில் முப்பத்தொன்றாவது பெயர் என் அக்காவுடையது. கைக்குழந்தையோடு போகிறாள். யாழ்ப்பாணத்தில் இருந்த அத்தான் பிள்ளையை இன்னும் கண்ணால் காணவில்லை. நண்பகலுக்குள் பட்டியல் போகவேண்டும். அடுத்த கப்பல் எப்போது என்று ஒருவருக்கும் தெரியாது.

இலக்கங்களைப் பேனையால் எழுதிவிடலாமா என்று முகாமையாளரைக் கேட்டேன். ஏலாது என்றார். முன்பு யாரோ ஒரு பெயரைப் பேனையால் செருகியதிலிருந்து, பேனை மை பட்ட தாளையும் ஒட்டுப் போட்ட தாளையும் சாவடியில் வாங்குவதில்லை. இருநூறு பேரையும் தட்டச்சில் அடிக்க நேரம் காணாது. அவர் தாள்கட்டை எடுத்துப் பிரிண்டரின் தட்டில் குறுக்காக வைத்தார். மூடி மூடவில்லை. அழுத்தி மூடினார். மூடியின் ஒரு காது உடைந்தது. உள்ளே இரண்டு தாள் கசங்கிச் சிக்கின.

"பாயைக் குறுக்கால விரிச்சா இன்னும் ரெண்டு பேர் படுக்கலாம். இதுக்கு மட்டும் ஏலாதாமோ?" என்றார்.

சிக்கிய தாள்களை இழுத்தெடுத்துவிட்டுத் திரைக்கு முன்னால் இருந்தேன். அச்சுக்காகக் காத்திருந்த பட்டியலின் விபரங்களை மாற்றும் பகுதிக்குள் போய், திரை திரையாகத் தேடினேன். ஓரிடத்தில் பக்கத்தைச் சுழற்றுவது பற்றி ஒரு வரி. எதிரே 0, 90, 180, 270. என் ஆங்கிலம் அரைகுறை. ஆனால் அந்த நான்கு எண்களையும் எனக்குத் தெரியும். கேத்திரகணித வகுப்பில் பாகைமானி வைத்துக் குறித்த அதே எண்கள்.

தொண்ணூறு கொடுத்தேன். தாள் வழக்கம்போல நீளவாட்டில்தான் வெளியே வந்தது. எழுத்துகள் அதன்மேல் படுத்திருந்தன. எனக்கு மயிர் கூச்செறிந்தது. ஒரு கையும் தாளைத் திருப்பவில்லை. எங்கேயோ உள்ளே, ஓர் எண்ணின் சொற்கேட்டு, இருநூறு பெயர்களும் சேர்ந்தாற்போலத் திரும்பியிருந்தன. ஆனால் அட்டை இலக்கத்தின் முதல் நான்கு எண்ணோடு தாளின் ஓரம் முடிந்துவிட்டது.

மணி பதினொன்று. உதவிக்கான விசையை அழுத்தி, வந்த விளக்கத்தை அகராதியோடு ஒவ்வொரு சொல்லாக வாசித்தேன். எண்களுக்குப் பிறகு இன்னொரு தெரிவும் இருந்தது. அகலத் தாளுக்கு எழுதியதைத் திருப்பி, சிறிதாக்கியும் தருமாம். அதைக் கொடுத்தேன்.

முப்பத்தொன்றாவது வரியைத்தான் முதலில் தேடினேன். அக்காவின் பெயர், அடையாள அட்டையின் ஒன்பது இலக்கம், அதன் கடைசியில் வரும் ஓர் ஆங்கில எழுத்து. எறும்பு வரிசைபோல எல்லாம் சிறுத்திருந்தன; ஒன்றோடொன்று முட்டவில்லை. தாளை இரண்டு கையாலும் பிடித்து முகாமையாளரிடம் நீட்டினேன்.

"முதலே சொல்லியிருந்தா நான் ஏன் தம்பி மூடியை உடைக்கிறன்?" என்றார் முகாமையாளர்.

நண்பகலுக்குள் பட்டியலைக் கொடுத்துவிட்டு, பின்னேரம் அக்காவை வழியனுப்பச் சாவடியில் நின்றேன். அதிகாரி பட்டியலை நிமிர்த்திப் பார்த்தார். பிறகு தாள் கவ்விய பலகையோடு சேர்த்துக் குறுக்காகச் சரித்தார். ஆட்கள் வர வர, அடிமட்டத்தின் விளிம்பைப் பெயருக்குக் கீழே வைத்து ஒவ்வொரு வரியாக இறக்கினார். முப்பத்தொன்றில் அக்காவின் அட்டையை வாங்கி ஒவ்வொரு இலக்கமாக ஒப்பிட்டார். அவர் முத்திரையைக் குத்தினார்.

"என்னடா செய்தனீ?" என்று அக்கா மெல்லக் கேட்டாள்.

"தாளைத் திருப்பேல்லை. எழுத்தைத் திருப்பினனான்."

"சும்மா கதை விடாதை," என்று சொல்லிவிட்டு, பிள்ளையை மறுதோளுக்கு மாற்றிக்கொண்டு கப்பலை நோக்கி நடந்தாள். அவளுக்குப் பின்னால் நின்றவர் தன் அட்டையை நீட்டினார்.