குழாய்த் தண்ணீர் கலந்த பாட்டில்

வீட்டுக்கு யாராவது வருகிறார்கள் என்றால் அழுக்குத்துணியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டுக் கதவைத் திறக்கிற ரகம் நான். அந்தப் புத்தியால் இரண்டு உயிர் போயிற்று. அதோடு முடிந்திருந்தால்கூட இத்தனை வருடம் நெஞ்சில் உறுத்திக்கொண்டிருக்காது.

அப்போது அல்சூரில் வாடகைக்கு இருந்தோம். கல்யாணமாகி ஒரு வருடம். கணவரை ஆபீஸ் வேலையாக இரண்டு மாதம் அமெரிக்காவுக்கு அனுப்பினார்கள். என்னை விட்டுப் போகிற வருத்தத்தைவிட, ஹாலில் இருந்த இரண்டு தங்கமீன்களை விட்டுப் போகிற வருத்தம்தான் அவருக்கு அதிகம். "வாராவாரம் கால் தொட்டித் தண்ணிய மாத்திடு. சாப்பாடு ஒரு சிட்டிகைக்கு மேல போடாத" என்று டாக்ஸியில் ஏறிய பிறகும் சொன்னார்.

"நான் சாப்பிட்டேனான்னு யாரு பாப்பாங்களாம்?" என்று கேட்டேன். சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அந்தக் கோபத்தை வாயில்லாத ஜீவன்களிடம் காட்டினேன். ஒரு மாதம் தண்ணீரை மாற்றவே இல்லை. சாப்பாட்டை மட்டும் தாராளமாகக் கொட்டினேன். பட்டினி போட்டேன் என்ற பேச்சு வரக்கூடாதே! ஞாயிற்றுக்கிழமை போனில், "தண்ணி மாத்தினியா?" என்பார். "ஆச்சு, ஆச்சு" என்பேன்.

ஐந்தாவது வாரம் இரண்டு மீன்களும் மேலே வந்து வாயைப் பிளந்து பிளந்து மூச்சுவிட்டன. பெரியதன் வாலில் ரத்தக்கோடுகள். பயந்துபோய், அவர் வழக்கமாகப் போகும் மீன்கடைக்குப் போன் செய்தேன். "ஒரு பாட்டில்ல தொட்டித் தண்ணி கொண்டு வாங்க மேடம், டெஸ்ட் பண்ணிப் பாத்துடலாம்" என்றார் கடைக்காரர்.

பாட்டிலில் பிடித்த தண்ணீர் பழுப்பாக, நாற்றத்தோடு இருந்தது. இதைக் கொண்டுபோய் நீட்டினால், 'இவள்லாம் என்ன பொம்பளை' என்று நினைக்க மாட்டாரா? முக்கால் பாட்டிலைக் கீழே கொட்டிவிட்டு, சமையலறைக் குழாயில் பிடித்து நிரப்பினேன்.

கடையில் அவர் அதைச் சின்னக் கண்ணாடிக் குழாயில் ஊற்றி, ஏதோ மருந்தில் சில சொட்டு விட்டுக் குலுக்கினார். ஒரு வண்ண அட்டையை என் பக்கம் திருப்பினார். "மீனோட கழிவுலயிருந்து அமோனியா வரும் மேடம். தண்ணி மஞ்சளா நின்னா அமோனியா இல்ல. பச்சை ஏற ஏற விஷம்." சற்றுப் பொறுத்துக் குழாயை அட்டையோடு ஒட்டிவைத்துப் பார்த்தார். மஞ்சளில் மெல்லிய பச்சை. "ஸ்வல்ப பச்சை அடிக்குது, பெரிசா ஒண்ணுமில்ல. தண்ணிய நல்லாத்தான் வெச்சிருக்கீங்க. அப்ப இது சீக்குதான்."

கால் பங்குத் தண்ணீரே இவ்வளவு பச்சை காட்டினால், வீட்டில் இருப்பது? எனக்கு அங்கேயே புரிந்துவிட்டது. வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம். பக்கத்தில் இரண்டு பேர் நின்றார்கள், அவர் வேறு இப்போதுதான் பாராட்டியிருந்தார். நீல நிற மருந்து ஒன்றைக் கொடுத்து, "மூணு நாளைக்குத் தண்ணிய மாத்தாதீங்க" என்றார். தலையாட்டினேன். வீட்டுக்கு வந்து பக்கெட்டைக்கூட எடுத்தேன். பிறகு, கடைக்காரரே சொல்லிவிட்டாரே என்று அதை இருந்த இடத்தில் வைத்துவிட்டேன்.

மூன்றாம் நாள் காலையில் இரண்டும் செத்து மிதந்தன.

திரும்பி வந்த கணவர் வெறும் தொட்டியைத் துடைத்துக்கொண்டே அழுதார். "டெஸ்ட் பண்ணித்தாங்க பாத்தேன். தண்ணி நல்லாருக்குன்னுதான் அவர் சொன்னார்" என்றேன். அது பொய்யில்லையே! உடனே என்னையும் இழுத்துக்கொண்டு கடைக்குப் போனார். "அவ வாரம் தவறாம தண்ணி மாத்தியிருக்கா. நீங்க தப்பா பாத்துச் சொல்லி ரெண்டையும் சாகடிச்சிட்டீங்க" என்று கத்தினார்.

கடைக்காரர் சொட்டு மருந்துப் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "டெஸ்ட் மருந்து கெட்டுப்போச்சு போல சார். இத நம்பி எத்தன பேருக்கு என்னென்ன சொன்னேனோ" என்று, பாதிக்குமேல் இருந்த அந்தப் பாட்டிலைக் குப்பைக்கூடையில் போட்டார். பிறகு என் பக்கம் திரும்பிக் கைகூப்பினார்.

"மன்னிச்சிடுங்க மேடம். நீங்க ஒழுங்காத்தான் கொண்டு வந்தீங்க. தப்பு எம்மேலதான்."

"பரவாயில்ல, விடுங்க" என்றேன்.