ஸ்னோமொபைலில் இரண்டு சம்பந்திகள்

போன சனிக்கிழமை, ஹூஸ்டனை ஒட்டி நாங்கள் இருக்கும் கேட்டி என்ற ஊரில், இந்தியன் ஸ்டோரில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். எங்கள் தெருவில் இருக்கும் ஒரு பெண் தள்ளுவண்டியை என் பக்கம் திருப்பிக்கொண்டு வந்தாள்.

"ஆன்ட்டி, நீங்களும் உங்க சம்பந்தியும் பனிக்குள்ள கட்டிப் புரண்டு சண்டை போட்டீங்களாமே?"

புரண்டது உண்மை. கட்டியதும் உண்மை - பிடித்துக்கொள்ள வேறு எதுவும் இல்லாததால். சண்டை என்பதுதான் கொஞ்சம் அதிகம். ஜனவரியில் வெர்மான்ட்டில் நடந்த விஷயம், நியூ ஜெர்சியைச் சுற்றிக்கொண்டு ஜூனில் டெக்ஸஸுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. வழியில் அதற்குக் கை, கால் எல்லாம் முளைத்துவிட்டது. இன்னும் கலிஃபோர்னியா வரை போவதற்குள் நானே சொல்லிவிடுவது நல்லது.

என் ஒரே மகள் மீரா. மாப்பிள்ளை அருண். நியூ ஜெர்சியில், ஐசலின் பக்கத்தில் குடியிருக்கிறார்கள். அருணின் அம்மா கோமதி, பொள்ளாச்சிக்காரர். முப்பது வருடமாக அதே மாநிலத்தில் வெஸ்ட் வின்ட்சரில் இருக்கிறார். மகள் வீட்டிலிருந்து சம்பந்தி வீடு இருபத்தைந்து நிமிட டிரைவ். என் வீடு மூன்றரை மணி நேர விமானம். பிரச்சினை முழுவதும் இந்த இரண்டு வரிகளுக்குள் அடங்கிவிடும்.

மீராவுக்கு மே மாதம் குழந்தை பிறக்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். யார் போய்ப் பார்த்துக்கொள்வது? நான்தான் என்று நான் நினைத்தேன். தான்தான் என்று கோமதி நினைத்தார். இருவருமே வெளியே சொல்லவில்லை. போனில் பேசும்போதெல்லாம், "நீங்க அவ்வளவு தூரத்துல இருந்து எதுக்குங்க சிரமப்படறீங்க?" என்பார். கொங்குத் தமிழில் ஒரு வசதி... எவ்வளவு கூர்மையாகச் சொன்னாலும் கடைசியில் ஒரு 'ங்க' வந்து அதன்மேல் பஞ்சு வைத்துவிடும். போனை வைத்த பிறகுதான் குத்தியது தெரியும்.

இந்த நிலையில், குழந்தை வருவதற்கு முன்னால் எல்லோரும் சேர்ந்து ஒரு டிரிப் போகலாம் என்று அருண் கூப்பிட்டார். வெர்மான்ட்டில் ஒரு லாட்ஜ். நானும் என் கணவரும், சம்பந்தி வீட்டில் இருவரும், மகளும் மாப்பிள்ளையும். இரண்டாம் நாள் காலையில் ஸ்னோமொபைல் டூர். பனிக்காட்டுக்குள் இரண்டு மணி நேரம், கூடவே ஒரு கைடு. கர்ப்பிணிகளுக்கு அனுமதி இல்லை என்பதால் மீரா லாட்ஜிலேயே கணப்பு அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

யார் யார் எந்த வண்டி என்று மாப்பிள்ளை ஏற்கெனவே முடிவு செய்து வைத்திருந்தார்.

"ரெண்டு அப்பாவும் ஒரு வண்டி. ரெண்டு அம்மாவும் ஒரு வண்டி. நான் லாஸ்ட்ல தனியா வரேன், சேஃப்டிக்கு."

எனக்கு அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும். ஆபீஸில் ஆகாத இருவரை ஒரே புராஜெக்டில் போட்டுவிட்டு, டீம் பில்டிங் என்பார்களே, அதைத்தான் அவர் எங்களிடம் செய்து பார்த்தார்.

கைடின் பெயர் டானா. முப்பது வயதுக்கு மேல் இருக்காது. மூட்டை தூக்குகிறவளைப் போலத் திடமான தோள்கள். அவள் பாதுகாப்பு விளக்கம் கொடுத்தபோது, நானும் கோமதியும் வாடகை உடையின் ஜிப்போடு போராடிக்கொண்டிருந்தோம். குளிருக்கான அந்த உடை, தலையணை உறைக்குள் மெத்தையைத் திணித்த மாதிரி. குனிந்தால் நிமிர முடியாது. நிமிர்ந்தால் குனிய முடியாது. கோமதியின் பூட்ஸை நான் மாட்டிவிட்டேன். என்னுடையதை அவர் மாட்டிவிட்டார். டானா ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு, அதில் இருந்த மைக்கைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். என் காதில் விழுந்தது, வண்டியை ஓட்டும் பாடம் மட்டும்தான். வலது கட்டை விரலுக்குக் கீழே ஒரு சின்ன லீவர். அழுத்தினால் போகும். விட்டால் நிற்கும். இடது கையில் பிரேக். இவ்வளவுதானா?

"நீங்களே ஓட்டுங்க சம்பந்தி. எனக்கு லோக்கல் ரோடே பயமுங்க" என்றார் கோமதி.

ஹூஸ்டன் ஃப்ரீவேயில் இருபது வருடமாக லாரிகளுக்கு நடுவில் ஓட்டுகிறவள் நான். கம்பீரமாக ஏறி உட்கார்ந்தேன். பின்சீட்டில் பிடித்துக்கொள்ளத் தனியாகக் கைப்பிடி இருந்தது. முதல் மேடு வந்ததும் கோமதி அதை விட்டுவிட்டு என் இடுப்பைக் கட்டிக்கொண்டார். பிள்ளைகளின் கல்யாணத்தில்கூட நாங்கள் கை கூப்பியதோடு சரி.

காடு அழகாக இருந்தது. கிளைகள் பனியைச் சுமந்துகொண்டு அப்படியே தாழ்ந்து நின்றன. உறைந்த ஏரி ஒன்று, மேஜை மாதிரி சமமாக. எனக்கு முன்னால் இரண்டு அப்பாக்கள். அவர்களுக்கு முன்னால் டானா. ஹெல்மெட்டுக்குள் கோமதியின் குரல் என் காதுக்குள்ளேயே உட்கார்ந்து பேசுகிற மாதிரி கேட்டது.

"நல்லா ஓட்டறீங்க சம்பந்தி."

"தேங்க்ஸ் சம்பந்தி."

கொஞ்ச தூரம் சமாதானமாகப் போனோம்.

"பிரசவ லேகியத்துக்குச் சாமான் எல்லாம் வந்துருச்சுங்க. ஊர்ல இருந்து தம்பி கொண்டுவந்தான்."

"நானும் வாங்கி வெச்சுட்டேன் சம்பந்தி."

"நீங்க எதுக்குங்க... அவ்வளவு தூரத்துல இருந்து."

வந்துவிட்டது.

"முதல் பிரசவம் பொண்ணோட அம்மா பாக்கிறதுதானே வழக்கம்?" என்றேன்.

"வழக்கமெல்லாம் ஊர்லங்க. இங்க யாரு பக்கத்துல இருக்காங்களோ அவங்கதானே பாக்க முடியும்?"

"ஃப்ளைட்னு ஒண்ணு இருக்கு சம்பந்தி."

"இருக்குங்க. உங்களுக்கு ஸ்கூலுன்னும் ஒண்ணு இருக்குல்லங்க? பத்து நாள்ல கிளம்பிருவீங்க. அப்புறம் நான்தானே ஓடோணும்?"

நான் ஒரு எலிமென்டரி ஸ்கூலில் டீச்சருக்கு அசிஸ்டென்ட். லீவு சேர்த்து வைத்திருந்தது சரியாகப் பத்து நாள். இதை மகளிடம்கூட இன்னும் சொல்லவில்லை. இவருக்கு எப்படித் தெரிந்தது? தெரியாது, சும்மா வாயில் வந்ததைச் சொன்னார். ஆனால் உண்மையைத் தெரியாமல் சொல்கிறவர்கள் மேல்தான் கோபம் அதிகமாக வருகிறது.

கோபம் வந்தால் எனக்குப் பல்லைக் கடிக்கும் பழக்கம் உண்டு. அன்று கட்டை விரலையும் அழுத்தியிருக்கிறேன்.

பாதை இடதுபக்கம் திரும்பியது. டானா திரும்பினாள். அப்பாக்கள் திரும்பினார்கள். நாங்கள் நேராகப் போனோம்.

பாதையை விட்டு வெளியே இருக்கும் பனி கோதுமை மாவு மாதிரி. பார்த்தால் தரை, மிதித்தால் ஒன்றுமில்லை. வண்டி மூக்கை உள்ளே நுழைத்து, ஒருபக்கமாகச் சாய்ந்து, படுத்துக்கொண்டது. முதலில் கோமதி விழுந்தார். என் இடுப்பை அவர் விடாததால் நானும் விழுந்தேன். இரண்டு சுற்று உருண்டோம்.

அடி ஒன்றும் இல்லை. எழுந்திருக்கப் பார்த்தேன், இடுப்பு வரை இறங்கிவிட்டேன். கோமதி மல்லாந்து கிடந்தார். பனியைத் தள்ளிக்கொண்டு அவரிடம் போனேன்.

"சம்பந்தி, வலிக்குதா? கை காலை அசைங்க."

"ஒண்ணுமில்லீங்க." வானத்தைப் பார்த்தபடி அவராகவே பேசினார். "அருண் பொறந்தப்பவும் இப்படித்தானுங்க பனி. எங்கம்மாவுக்கு விசா கெடைக்கல. இவரு நாலாம் நாளே வேலைக்குப் போயிட்டாரு. அபார்ட்மென்ட்ல நானும் குழந்தையும்தான். பால் குடிக்க மாட்டேங்கறான், ஏன்னு கேக்க ஆளில்ல. அவனும் அழுவான், நானும் அழுவேன். அந்த மாதிரி மீராவுக்கு ஆயிரக்கூடாதுன்னுதானுங்க... உங்ககிட்ட இருந்து புடுங்கிக்கணும்னு இல்ல."

இத்தனை மாதம் இவரை மனசுக்குள் என்னவெல்லாம் திட்டியிருக்கிறேன். பக்கத்தில் உட்கார்ந்து, கையுறையோடு அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"எனக்குப் பத்து நாள்தான் லீவு சம்பந்தி. நீங்க சொன்னது சரி. அவ கூட இருக்க முடியலையேன்னுதான் எனக்கு ஆத்திரம். அதை உங்க மேல காட்டிட்டேன்."

அப்போது காதுக்குள் மூன்றாவதாக ஒரு குரல் கேட்டது.

"அம்மா... இதெல்லாம் நீங்க சொன்னதே இல்லையே."

இருவரும் சுற்றிலும் பார்த்தோம். காட்டில் யாரும் இல்லை.

"அத்தை, நான்தான். அருண். பின்னாடி வந்துட்டே இருக்கேன். ஹெல்மெட் மைக் எல்லாருக்கும் ஓப்பன். டானா ஃபர்ஸ்ட்லயே சொன்னாங்களே."

"எல்லாருக்கும்னா?" என்றேன்.

"நாங்களும் லைன்லதான் இருக்கோம்" என்றது என் கணவரின் குரல், மிகுந்த தயக்கத்தோடு. சம்பந்தி ஐயா இருமினார். நாலாம் நாளே வேலைக்குப் போன மனிதர் வேறு என்ன செய்வார்?

அருணுக்குத் தைரியம் வந்ததா, அல்லது இதைவிட மோசமாக இனி எதுவும் நடக்காது என்று தோன்றியதா... தெரியவில்லை. அந்த நேரம் பார்த்துச் சொல்லிவிட்டார்.

"அத்தை, அம்மா, நாங்க ஒரு விஷயம் சொல்லணும்னுதான் இந்த டிரிப்பே பிளான் பண்ணோம். பேபி வந்ததும் ஃபர்ஸ்ட் டூ வீக்ஸ் நானும் மீராவும் மட்டும் இருக்கலாம்னு... நான் லீவு அப்ளை பண்ணிட்டேன். அதுக்கப்புறம் நீங்க ரெண்டு பேரும் வரலாம்."

"என்னது?"

ஒரே நேரத்தில், ஒரே குரலில், இருவரும் கேட்டோம். கல்யாணம் நிச்சயமான நாளிலிருந்து நாங்கள் இருவரும் ஒத்துப்போன முதல் விஷயம் அது.

"ரெண்டு வாரமா? தொப்புள்கொடி விழுறது தெரியுமா மாப்பிள்ளை உங்களுக்கு?" என்றேன் நான்.

"குளிக்க வெக்கத் தெரியுமாடா உனக்கு? தலை நிக்காதுடா" என்றார் அவர்.

"கேளுங்க சம்பந்தி."

"நீங்க சொல்லுங்க சம்பந்தி."

அதற்குள் டானா வந்துவிட்டாள். எங்கள் இருவரையும் பார்த்தாள். ஹெல்மெட்டில் கேட்ட தமிழை வைத்து, இவ்வளவு நேரம் நீங்கள் காட்டை ரசித்துப் பேசிக்கொண்டிருந்தீர்கள் என்றல்லவா நினைத்தேன் என்றாள். நாங்கள் மறுக்கவில்லை. வண்டியைச் சுற்றிப் பனியை மிதித்துக் கெட்டியாக்கச் சொன்னாள். இரண்டு பாட்டிமார்களும் தோளைப் பிடித்துக்கொண்டு மிதித்தோம். எங்களுக்கு அன்று மிதிப்பதற்கு நிறைய இருந்தது. டானா முன்னால் இழுக்க, மற்றவர்கள் பின்னால் தள்ள, வண்டி மேலே வந்தது.

லாட்ஜுக்குத் திரும்பியதும் மீரா எங்கள் முகத்தைப் பார்த்தே விஷயம் தெரிந்துவிட்டது என்று புரிந்துகொண்டாள்.

"அம்மா, இட்ஸ் நாட் தட் வி டோன்ட் வான்ட் யூ" என்று ஆரம்பித்தாள். பிறகு தமிழுக்கு மாறினாள். முக்கியமான விஷயத்துக்கு மட்டும் மாறுவாள். "நீயோ அத்தையோ வந்தா, குழந்தை அழுதா நான் எழுந்திருக்கறதுக்குள்ள நீங்க தூக்கிடுவீங்க. அப்ப நான் எப்போ கத்துக்கறது?"

பதில் சொல்ல வாயைத் திறந்தோம், இருவரும். மூடிக்கொண்டோம், இருவரும். ஏனென்றால் தூக்கத்தான் செய்திருப்போம். இரண்டு வாரத்துக்கு ஒத்துக்கொண்டோம்.

மே முதல் வாரத்தில் பேரன் பிறந்தான். ஒப்பந்தம் ஒப்பந்தம்தான். வீடியோவில் பார்த்தேன், சிவப்பாக, மூடிய கண்ணோடு. ஆனால் வெஸ்ட் வின்ட்சர்க்காரர் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்திருப்பாரே? சாயங்காலம் போன் செய்தேன்.

"எப்படி இருக்கான் சம்பந்தி? யார் ஜாடை?"

"அவரு மட்டும் உள்ள போய்ப் பாத்துட்டு வந்தாருங்க. நான் பார்க்கிங் லாட்ல கார்லயே உக்காந்துட்டேன்."

"ஏன் சம்பந்தி?"

"நீங்க வராம நான் மட்டும் எப்படிங்க பாக்கறது?"

நான் வீடியோவில் பார்த்ததை ஒவ்வொன்றாக அவருக்குச் சொன்னேன்.

அதற்குப் பிறகு பதினைந்து நாளும் தினமும் பேசினோம். பேச்சு எப்போதும் ஒன்றுதான்.

"உங்களுக்குப் போன் வந்துச்சுங்களா?"

"இல்ல சம்பந்தி. அங்க?"

"இங்கயும் இல்லீங்க. எப்படியும் நாளைக்குக் கூப்பிட்டுருவாங்க."

நாளைக்கும் கூப்பிடவில்லை. படம் வந்தது, வீடியோ வந்தது. 'ஹெல்ப் வேணும்' என்று ஒரு மெசேஜ்கூட வரவில்லை.

ஸ்கூல் லீவு விட்டதும் விமானம் ஏறினேன். நுவார்க் ஏர்போர்ட்டுக்குக் கோமதியே வந்து கூட்டிக்கொண்டு போனார், லோக்கல் ரோடு வழியாகவே, ஒன்றரை மணி நேரம். மீரா கதவைத் திறந்தாள். குளித்துத் தலைவாரியிருந்தாள். அடுக்களை சுத்தமாக இருந்தது. அருண் ஒரு கையில் குழந்தையையும் மறு கையில் பால் பாட்டிலையும் வைத்துக்கொண்டு, பத்து வருட அனுபவசாலி மாதிரி நடந்துகொண்டிருந்தார். குழந்தை சமர்த்தாகத் தூங்கினான்.

கோமதி வீட்டை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். பிறகு என் காதோரம் வந்து மெல்லச் சொன்னார்.

"நல்லாத்தானுங்க இருக்காங்க."

"சந்தோஷம்தானே சம்பந்தி?"

"சந்தோஷம்தானுங்க" என்றார். இவ்வளவு துக்கத்தோடு ஒருவர் அந்த வார்த்தையைச் சொல்லி நான் கேட்டதில்லை.