இலேசான அம்பின் வழக்கு

வாசகரே, இவ்வழக்கில் நீங்களே நீதிபதி. முழுவதையும் கேட்ட பிறகு தீர்ப்புச் சொல்லுங்கள்.

திருச்சிராப்பள்ளியில் எங்கள் கல்லூரிச் சொற்போர் மன்றத்தில், 'இலேசான அம்பே வலிய அம்பு' என்னும் தீர்மானத்தை நான் முன்மொழிந்தேன். வெல்பவர் கல்லூரியின் சார்பில் மதராஸ் போட்டிக்குச் செல்வார். இலேசானது விரையும், விரைவதே ஆழப் பாயும் என்று நான் அடுக்கிய வாக்கியங்களுக்கு அவை கைதட்டியது. எதிர்த்தவர் என் வகுப்புத் தோழர், மலைக்கோட்டைக் கடைவீதியில் ஜவுளி வியாபாரம் செய்யும் முஸ்லிம் குடும்பத்தவர். பௌதிகத்தில் கெட்டி, மேடையேறினால் நா உலர்ந்துவிடும். தூக்கிய கைகளை எண்ணினார்கள். நான் வென்றேன்.

படியிறங்கும்போது அவர் மறித்தார்.

"ஏம்பா, கை தூக்கினா அம்பு பாய்ஞ்சிடுமா? காவேரி மணலுக்கு வா, விட்டுப் பார்ப்போம்."

"வரேன். நான் தோத்தா மதராஸ் டிக்கெட் உனக்கு."

கேட்டுக்கொண்டிருந்த மன்றச் செயலாளர், "நானும் வரேன். அப்புறம் பேச்சு மாறக் கூடாது" என்றார்.

ஞாயிறு காலை ஸ்ரீரங்கத்துக் கரையோரம் கூடினோம். விஜயதசமியன்று வாழையில் அம்பு போடுவதைக் கண்டு வளர்ந்த எனக்கு வேறு இலக்குத் தோன்றவில்லை. குலை வெட்டிய வாழை மரம் ஒன்றை மணலில் நட்டேன். மூங்கில் வில் தோழருடையது. என் அம்பு நாணல். அவருடையது இரும்பு முனை செருகிய மூங்கில். எய்தவன் நானே, இரண்டையும் காது வரை ஒரே அளவாக இழுத்து.

நாணல் கண்ணுக்குத் தெரியாமல் பறந்து வாழையில் தைத்தது. "பாத்தியா வேகம்!" என்றேன். மூங்கில் அம்பு சோம்பலாகத்தான் போயிற்று. ஆனால் தண்டைத் துளைத்து மறுபுறம் முனை காட்டிற்று. என் நாணலோ இரண்டு விரல் ஆழத்தில் நின்றிருந்தது.

"உன் முனை இரும்பு!" என்று வாதிட்டேன். அவர் அதேபோன்ற இரும்பு முனை ஒன்றை என் நாணலிலும் செருகித் தந்தார். சற்றுக் கனத்த அந்த நாணல் முன்னதைவிட ஆழமாகவே பாய்ந்தது. ஆனாலும் மூங்கிலை எட்டவில்லை; கனம் கூடியதும் ஆழம் கூடியது என் கட்சிக்கு உதவவில்லை.

விடாமல், இன்னும் இலேசாக, ஈர்க்குபோல் மெலிந்த நாணல் ஒன்றைத் தொடுத்தேன். நாணை விட்டதும் இடக்கை மணிக்கட்டுவரை அதிர்ந்தது. வில் பிடியருகே படீரென்று பிளந்தது. ஈர்க்கு வாழையை எட்டவேயில்லை.

"வில்லு குடுக்கிற பலத்தை வாங்கிக்க அம்புல கனம் வேணும். வாங்காத மிச்சம் வில்லுலயே தங்கி அதையே உடைச்சிடுது" என்றார் அவர். மேடையில் ஒரு முறையும் இவ்வளவு தெளிவாக அவர் பேசியதில்லை.

செயலாளர் இருமினார். "அப்ப மதராஸுக்கு யாரு?"

"இவன்தான்" என்றேன்.

தோழர் முகம் வெளுத்தது. "ஐயோ, அத்தனை பேர் முன்னாடியா? எனக்கு வாயே வராதே!"

உடைந்த வில்லை அவரிடம் கொடுத்துவிட்டு, மேடையில் நிற்பதுபோல் நிமிர்ந்து நின்று உரக்கச் சொன்னேன்: "தினமும் சாயங்காலம் இதே மணல்ல உனக்கு எதிரா நான் பேசறேன். என்னைத் தோக்கடிக்காம உன்னை ரயிலேற விடமாட்டேன்."